தாய்மாமன் யாரென்று கேட்கிறார்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 26 வயது. நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம், மன்னார்குடியில் வேலை. அப்பா, அம்மா, சிங்கப்பூர் ஷிப்யார்டில் இருக்கும் அண்ணன், நான். ஒன்பது மா நிலம் இருக்கிறது.

தை மாதம் அம்மாவின் ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த வேண்டியிருந்தது. பள்ளிக்கூட டி.சி.யைக் கேட்டேன். "அதெல்லாம் கஜா புயல்லயே நனைஞ்சு போச்சு" என்றார். வேறு ஏதோ தேடும்போது பரண்மேல் டிரங்குப் பெட்டியில், அடியில் விரித்த பேப்பருக்கும் கீழே, பாலிதீன் கவருக்குள் கசங்காமல் இருந்தது. பிறந்த வருடம் 1970. ஊர், எங்கள் ஊரிலிருந்து கோரையாற்றைத் தாண்டினால் வருகிற ஊர். சாதி என்ற இடத்தில் ஆதிதிராவிடர்.

எங்களுக்குச் சொல்லி வளர்த்த கதை வேறு. அம்மா காரைக்கால் பக்கம், தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள், சொந்தபந்தம் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பழகி, சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். தாத்தா இறந்த பிறகு நிலத்தைப் பார்க்க ஊர் திரும்பினார்கள். அப்பாயிக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கிறது. சாகும்வரை தனி அடுப்பில் தானே பொங்கிச் சாப்பிட்டார். ஆசாரம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். என் காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்த தாய்மாமன்கூட அப்பாவின் திருப்பூர் சிநேகிதர்தானாம்.

உண்மையான மாமா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். ஒவ்வொரு அறுப்புக்கும் அம்மா டீ, சாப்பாடு எடுத்துக்கொண்டு தானே அங்கே போவார். நெல்லுக்குக் காவல் என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம் நான் போனேன். மூட்டையை இறக்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா, ஈரம் பாத்துட்டாங்களா?" என்றார். அம்மாவுடன் கூடப் பிறந்தவர் என்னை "வாங்க" என்கிறார். சுற்றி ஆள் இருந்தார்கள். நானும் மாமா என்று கூப்பிடவில்லை.

இப்போது அண்ணனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அப்பா சாதியில்தான். பெண் வீட்டார் "தாய்வழி எந்த ஊரு, மாமன் யாரு" என்று கேட்கிறார்கள். அண்ணன் பள்ளிக்கூடத்திலேயே கையில் சாதிக் கயிறு கட்டியவன். இப்போது சாதிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறான். "தெருக்காரங்க" என்று ஆதிதிராவிடர்களைக் கேலி செய்யும் வீடியோக்களை எங்கள் குடும்பக் குழுவிலும் போடுகிறான். அம்மா அதற்கும் கை கூப்பும் பொம்மையைப் போடுகிறார்.

டி.சி.யைப் பார்த்துவிட்டேன் என்று சொன்ன அன்று, அண்ணனிடம் மூச்சு விட மாட்டேன் என்று அம்மா தன் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நிச்சயதார்த்தத்துக்கு அந்தத் திருப்பூர் மாமாவை நான் போன் செய்து வரவழைக்க வேண்டுமாம். "உனக்குத்தான் பக்குவமாப் பேச வரும்" என்கிறார். அப்பாவிடம் கேட்டால் வயலுக்குப் போய்விடுகிறார்.

ராத்திரியில் தூக்கம் இல்லை. பேசினால் அம்மாவுக்குத் துரோகம், பேசாவிட்டால் மாமாவுக்கும் வரப்போகும் பெண்ணுக்கும் துரோகம். இத்தனை வருஷம் தெருவில் நின்று பேசியவர்களை வீட்டு வாசலோடு அனுப்பினோமே, அதில் நான் யார்?

பெயர் வேண்டாம்

---

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அப்பாயி இருக்கிறார், மாமா இருக்கிறார், பேப்பருக்கு அடியில் கிடந்த பாலிதீன் கவர்கூட இருக்கிறது. அப்பா ஒரே வரியில் வந்து வயலுக்குப் போய்விடுகிறார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காரைக்கால் கதை யார் கட்டியது? திருப்பூரில் இருந்தவரை அதற்குத் தேவையே இருந்திருக்காது. ஊர் திரும்ப வேண்டும், நிலம் வேண்டும், பங்காளிகளோடு பந்தியில் உட்கார வேண்டும் என்றபோதுதான் தேவைப்பட்டிருக்கும். அதற்கான விலையை உங்கள் அம்மா கொடுத்தார்: பிறந்த ஊர், கூடப் பிறந்தவர், மாமியார் கையால் ஒரு வாய்ச் சோறு. இப்போது பாக்கியை உங்களிடம் வசூலிக்கிறார்கள். அப்பா கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கல்யாணம் செய்துகொண்டவருக்குத் துணிச்சல் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அந்தத் துணிச்சல் ஊர் எல்லையில் நின்றுவிட்டது. மீதியை வீட்டுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சுமக்கிறீர்கள்.

அம்மாவின் பயத்தைக் குறைத்து எடை போடாதீர்கள். அவர் பிறந்த 1970, வெண்மணிக்கு இரண்டே வருடம் பிந்தியது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்ட கீழத்தஞ்சை இது. சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் பண்ணைகளில் தண்டனையாக இருந்த காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் மடியில் வளர்ந்த தலைமுறை அவருடையது. எதிர்காலத்தைப் பற்றிய கற்பனைக் கதைகளில் ஜனங்களைப் பிரிக்க மதில் சுவரும் துப்பாக்கிக் காவலும் வைப்பார்கள். நம் பக்கத்தில் ஒரு வாய்க்கால் போதும், இந்தக் கரை ஊர், அந்தக் கரை தெரு. அந்த வாய்க்காலைத் தாண்டி வந்து, யாருக்கும் தெரியாமல் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர், மகனின் வீடியோவுக்குக் கை கூப்பும் பொம்மை போடுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அது சம்மதம் அல்ல. பயந்தவர் பிழைக்கக் கற்றுக்கொண்ட வழி.

குடும்ப சிகிச்சை முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான இவான் போசோர்மெனி-நாகி, பிளவுபட்ட விசுவாசம் என்று ஒன்றைச் சொல்வார். ஒருவர்மேல் காட்டும் பாசமே இன்னொருவருக்குச் செய்யும் துரோகமாகிவிடும் நிலையில் பிள்ளையை நிறுத்தினால், பிள்ளை எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளிதான். உங்கள் தூக்கம் கெட்டது அதனால்தான். உங்கள் மனசில் கோளாறு இல்லை, நிறுத்திய இடம் அப்படி.

ரகசியம் அம்மாவுடையது. எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவர் உரிமை. ஊரைக் கூட்டிச் சொல்லும் வேலை உங்களுக்கு இல்லை, கோபத்தில் குடும்பக் குழுவில் டி.சி.யைப் போட்டோ எடுத்துப் போடும் வேலை அறவே இல்லை. ஆனால் திருப்பூர்க்காரரை வரவழைத்து மாமா என்று சபையில் நிறுத்துவது ரகசியம் காப்பது ஆகாது. அது புதுப் பொய், உங்கள் வாயால் சொல்லும் பொய். அதை மறுக்கலாம், சத்தியம் அப்போதும் மீறப்படாது. பெண் வீட்டார் கேட்டால் "அதை அப்பாகிட்டயே கேட்டுக்கங்க" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

சத்தியத்தைப் பற்றியும் அம்மாவிடம் பேசலாம். வாங்கியவரே திருப்பித் தரலாம், நம் வீடுகளில் நடக்காததா. டி.சி.யைச் சாட்சிப் பத்திரம் மாதிரி முன்னால் வைக்காதீர்கள். மாமாவைப் பற்றிக் கேளுங்கள். சின்ன வயதில் எப்படி இருப்பார், ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போனார்களா, கல்யாணத்துக்கு முன் கடைசியாக எப்போது சேர்ந்து சாப்பிட்டார்கள். அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் பயம்தான் பதிலாக வரும். மாமாவைப் பற்றிக் கேட்டால் அம்மாவே மனம் திறந்து வரக்கூடும்.

அண்ணனுக்குத் தெரிந்தாக வேண்டும், அதுவும் நிச்சயத்துக்கு முன்னால். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கேலி செய்வது சொந்த அம்மாவை என்று தெரியாமலே ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வது அவருக்கும் அநியாயம், அவளுக்கும் அநியாயம். சொல்ல வேண்டியவர் அப்பா. அண்ணன் லீவில் வந்திருக்கும்போது, நேரில், முதலில் அவர்கள் இருவர் மட்டும். வீடியோ காலில் வேண்டாம். தூரத்தில் தனியாக இருப்பவர் அந்தக் கோபத்தை யாரிடம் கொண்டுபோவார் என்று தெரியாது, சங்கக் குழு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் பெண் வீட்டில் என்ன சொல்வது என்பதை அண்ணனே முடிவு செய்யட்டும்.

விஷயம் வெளியே கசிந்தால் முதல் ஆபத்து உங்களுக்கு அல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமாவுக்கு. அதனால் அப்பா வாய் திறப்பதற்கு முன் அவருக்கும் சொல்லியாக வேண்டும். மிரட்டல் என்று ஏதாவது வந்தால் 112. சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களைப் பாதுகாக்க மாவட்டம்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டிருக்கிறது; எஸ்.பி. அலுவலகத்தில் அதைச் சொல்லியே கேட்கலாம். கல்யாணமே செல்லாது என்று பங்காளிகள் யாராவது கிளம்பினால், சுயமரியாதைத் திருமணத்துக்கு 1968 முதல் தமிழ்நாட்டில் சட்ட அங்கீகாரம் உண்டு. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். நிலத்தைவிட்டுத் துரத்திவிடுவார்கள் என்ற பயம் அவருக்குள் இருக்கலாம்.

நீங்கள் யார் என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளை அப்பா சாதிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்ட முடியாது, எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு வேண்டியது அந்தப் பதில் அல்ல என்று தெரிகிறது. வாசலோடு அனுப்பியவர்களின் முகம் நினைவுக்கு வருகிறது, அதுதான் உறுத்துகிறது. அந்த உறுத்தல் நியாயமானது, அதை ஆற்றிவிட எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும்: அம்மாவின் சொந்தம் என்று தெரிந்ததால்தான் அவர்கள் மனிதர்களாகத் தெரிகிறார்கள் என்றால், கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு அவசரமாகப் பதில் தேட வேண்டாம். அப்பா பக்கத்தை ஒரே நாளில் வெறுத்து ஒதுக்குவதும் வேண்டாம்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இந்த வாரமே அப்பாவிடம் பேசுங்கள். வீட்டில் வேண்டாம், அவர் போகும் வயலுக்கே போங்கள். "திருப்பூர்க்காரருக்கு நான் போன் போட மாட்டேன், நிச்சயத் தேதி குறிக்கும் முன் அண்ணனிடம் நீங்கள் பேச வேண்டும்" என்று மட்டும் அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் மழுப்பினால், அண்ணன் ஊருக்கு வரும் தேதி தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், அப்பாவையும் அம்மாவையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேச நேரம் ஒதுக்குகிறேன்.