ட்ரிப்ஸ் செலவுக்கு டாப்-அப் லோன் வாங்கலாமா?

கேள்வி: மும்பை முலுண்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மனைவிக்கு (வயது 39, எடை 62 கிலோ) மூன்று வருடமாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (முடக்குவாத மூட்டுவலி). மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை என்று டாக்டர் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை இன்ஃப்யூஷனாக, அதாவது ட்ரிப்ஸில் ஏற்ற, எழுதியிருக்கிறார். முதல் ட்ரிப்ஸுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. ஒரு தடவைக்கு எல்லாம் சேர்த்து சுமார் 55,000 ஆகுமாம். கைக்கு வரும் சம்பளம் 82,000, வாடகை 26,000, ஊரில் அப்பா அம்மாவுக்கு 7,000. பர்சனல் லோன் இஎம்ஐ 16,800, வட்டி 15%, பாக்கி 6.2 லட்சம். அது 2020ல் 3 லட்சமாகத்தான் தொடங்கியது. தம்பி கடைக்கும் தங்கை வீட்டு கிரகப்பிரவேசத்துக்கும் இரண்டு தடவை டாப்-அப் (அதே லோன் மேல் கூடுதல் கடன்) வாங்கினேன். ஆபீஸ் இன்சூரன்ஸ் 5 லட்சம் இருக்கிறது, ஆனால் ஒரு இரவுகூட தங்காத சிகிச்சைக்குப் பணம் வராது என்கிறார் நண்பர். 2.8 லட்சம் எஃப்டி மகள் படிப்புக்கு, அதைத் தொட மனமில்லை. பேங்க் இன்னும் 5 லட்சம் டாப்-அப் தருகிறேன் என்கிறது. பாதி மருந்துக்கு, பாதி அடுத்த மாதம் தங்கை மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர். மனைவியின் நோய் ஊரில் யாருக்கும் தெரியாது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணம் வட்டி மட்டும் இல்லை.

நீங்கள் இந்த இன்ஃப்யூஷனை ஒரு ஆபரேஷன் செலவு மாதிரி பார்க்கிறீர்கள், ஒரு தொகை புரட்டிவிட்டால் முடிந்தது என்று. இது வாடகை மாதிரி, நிற்காது. முதல் ட்ரிப்ஸுக்குப் பிறகு 2வது வாரம், 6வது வாரம், அப்புறம் 8 வாரத்துக்கு ஒரு தடவை என்பதுதான் வழக்கமான கணக்கு. முதல் வருடத்தில் 8 தடவை, 55,000 வீதம் 4.4 லட்சம். மருந்துக்கென்று நீங்கள் ஒதுக்கும் இரண்டரை லட்சம் நாலாவது தடவையோடு தீர்ந்து, ஐந்தாவதுக்குக் கை நீட்ட வேண்டி வரும். இந்த மருந்தை நடுவில் நிறுத்தி, பல மாதம் கழித்துத் திரும்பத் தொடங்கினால் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடும் ஆபத்து உண்டு, வேலை செய்யாமலும் போகலாம், ஏற்றும்போது ரியாக்‌ஷனும் வரலாம். பணம் இல்லாமல் பாதியில் நிற்பதுதான் உங்களுக்கு ஆகவே ஆகாத விஷயம்.

இப்போது லோன் கணக்கு. 6.2 லட்சத்தோடு 5 லட்சம் சேர்ந்தால் 11.2 லட்சம், 15 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு இஎம்ஐ சுமார் 26,600. மொத்தம் கட்டுவது 16 லட்சம். டாப்-அப் வாங்காமல் இப்போதைய லோனை மட்டும் ஓட்டினால் இன்னும் 50 மாதம், 8.4 லட்சத்தோடு கதை முடிகிறது. ஆக, 5 லட்சம் வாங்கி 7.6 லட்சம் கட்டுகிறீர்கள், புராசஸிங் கட்டணம் தனி. அதைவிட மோசம், மாதம் 9,800 கூடுதலாகப் போனால் அடுத்த வருட ட்ரிப்ஸுக்கு மிச்சம் பிடிக்க வழியே இருக்காது. கொஞ்சம் அடைந்ததும் பேங்க் போன் பண்ணுகிறது, வீட்டில் யாருக்காவது தேவை இருக்கிறது, நீங்கள் சரி என்கிறீர்கள். இப்படியே போனால் இந்த லோன் உங்கள் ரிடையர்மென்ட் வரை கூட வரும்.

சீர் விஷயத்துக்கு வருகிறேன். தாய்மாமன் வெறும் கையோடு சடங்கு வீட்டுக்குப் போக முடியாது, எனக்கும் தெரியும். பட்டு, தட்டு வரிசை, மோதிரத்துக்குப் பதில் ஒரு பணக் கவர், 20,000க்குள் முடியுங்கள். தங்கையிடம் அவர் அண்ணி உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் எரிச்சல்படுத்திய வரி, ஊரில் யாருக்கும் தெரியாது என்பதுதான். மறைப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலைதான் அந்த இரண்டரை லட்சம். மூட்டுவலி வந்த மனுஷிக்கு மருந்து ஏற்றுவதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அப்பா அம்மாவுக்கு அனுப்பும் 7,000த்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நண்பர் சொன்ன இன்சூரன்ஸ் கதை பாதி உண்மை. வெளிநோயாளியாகவே செய்யக்கூடிய சிகிச்சை டே கேரில் (இரவு தங்காமல் அன்றே முடியும் மருத்துவமனைச் சிகிச்சை) சேராது என்று பாலிசிகளில் ஒரு வரி இருக்கும், அதைக் காட்டித்தான் மறுப்பார்கள். ஆனால் 2019ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட வழிகாட்டுதலில், பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாத நவீன சிகிச்சைகள் என்று ஒரு பட்டியல் வந்தது. மோனோக்ளோனல் ஆன்டிபாடியை (ஆய்வகத்தில் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) ஊசியாகத் தரும் இம்யூனோதெரபி அதில் இருந்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் ஒரு மோனோக்ளோனல் ஆன்டிபாடிதான். தொகைக்கு உச்சவரம்பு வைக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு, காப்பீட்டுத் தொகையில் பாதி வரைதான் என்று வைத்திருக்கும் பாலிசிகளும் இருக்கின்றன. நாளைக்கே எச்.ஆருக்கும், க்ளெய்ம்களைக் கையாளும் டிபிஏ நிறுவனத்துக்கும் மெயில் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த மருந்து டே கேரில் உண்டா, உச்சவரம்பு எவ்வளவு, பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் ஏதும் இருக்கிறதா. ஆபீஸ் பாலிசிகளில் கடைசியது பொதுவாக இருக்காது. போனில் கேட்டுக்கொள்ளாதீர்கள், எழுத்தில் வேண்டும்.

கூடவே டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எந்தெந்த மாத்திரை கொடுத்துப் பலனில்லை, ஏன் மருத்துவமனையில் கண்காணிப்போடு ஏற்ற வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். அதை வைத்து முதல் ட்ரிப்ஸுக்கு முன்பே ப்ரீ-ஆத்தரைசேஷன் (இன்சூரன்ஸ் கம்பெனியின் முன் அனுமதி) கோரிக்கையை மருத்துவமனையை அனுப்பச் சொல்லுங்கள். முன்கூட்டியே எடுக்கும் டிபி, ஹெபடைடிஸ் பி பரிசோதனை பில்களையும் வைத்திருங்கள், க்ளெய்ம் ஏற்கப்பட்டால் முந்தைய 30 நாள் செலவாக அவற்றையும் கேட்கலாம். மறுத்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் முலுண்ட் பகுதிக்கான, தாணேயில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம். அங்கே கட்டணம் கிடையாது.

இன்சூரன்ஸ் தொகையில் பாதி, அதாவது 2.5 லட்சம், கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் உங்கள் கைப்பணம் 1.9 லட்சம். அதற்கு எஃப்டியை உடையுங்கள். 7% தரும் எஃப்டியைப் பூட்டிவைத்துவிட்டு 15 சதவீதத்துக்குக் கடன் வாங்குவது 2.8 லட்சத்துக்கு வருடம் 22,000 போல நஷ்டம், முன்கூட்டி உடைப்பதற்கான அபராதம் அதில் சின்னப் பங்குதான். மகள் படிப்புக்கு மறுபடி சேர்க்கலாம். இரண்டாம் வருடம் ஆறு ஏழு தடவை, கைப்பணம் 1.1 லட்சம் போல, மாதம் 9,000. உங்கள் பட்ஜெட்டில் அது இறுக்கம்தான், ஆனால் முடியும். இஎம்ஐ 26,600 ஆகிவிட்டால் முடியாது.

இன்சூரன்ஸ் ஒரு பைசாவும் தராது என்று எழுத்தில் வந்துவிட்டால், முதல் ட்ரிப்ஸுக்கு முன்பே டாக்டரிடம் உங்கள் பட்ஜெட்டைச் சொல்லுங்கள், கூச்சப்படாமல். குறைந்த விலை பயோசிமிலர் (அதே மருந்தை ஒத்த வேறு கம்பெனி மருந்து), வீட்டிலேயே போடும் ஊசி, வேறு மாத்திரை, மருந்துக் கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் எல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று: கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்றால் 62 கிலோவுக்கு 186, அதாவது 100 மில்லிகிராம் குப்பி இரண்டு. பலன் போதாமல் 5 மில்லிகிராமாக ஏற்றினால் நாலு குப்பி, மருந்து விலை இரட்டிப்பு. அந்த வாய்ப்பு எவ்வளவு என்று கேளுங்கள். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமா என்று, மருத்துவமனையில் அத்திட்டத்துக்கு உதவ இருக்கும் ஆரோக்கிய மித்ராவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மருத்துவமனை கவுன்டரில் வட்டியில்லா இஎம்ஐ கார்டு நீட்டுவார்கள், இப்போது அதுதான் ஃபேஷன். உங்களுக்கு அது இன்னொரு டாப்-அப், அவ்வளவுதான். ஏஜென்ட் யாராவது கிரிட்டிகல் இல்னஸ் (கடும் நோய்) பாலிசி, சூப்பர் டாப்-அப் (இருக்கும் இன்சூரன்ஸுக்கு மேல் கூடுதல் பாலிசி) என்று வந்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம் என்பதை மறக்க வேண்டாம், இந்த வருட பில்லுக்கு அவை உதவாது. வருமான வரியில் 80டிடிபி (சில குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான கழிவு) கிடைக்கும் என்றும் யாராவது சொல்வார்கள், அந்த நோய்ப் பட்டியலில் ருமட்டாய்டு இல்லை. வேலை மாறுவதாக இருந்தால் மட்டும், ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே குரூப் பாலிசியை அதே கம்பெனியின் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள்.

ட்ரிப்ஸ் ஏற்றும் அன்றைக்கு முழு நாள் லீவு போடுங்கள், ஏற்றவே இரண்டு மணி நேரம், அப்புறம் கண்காணிப்பு. காய்ச்சலோ இருமலோ இருந்தால், ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், குப்பியைக் கலக்குவதற்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கலந்துவிட்ட மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், தேதி தள்ளிப்போனால் அது வீண், பில் உங்கள் தலையில். பேட்ச் நம்பர் போட்ட பில்லும் டே கேர் சம்மரியும் வாங்காமல் கிளம்பாதீர்கள், இரண்டாவது க்ளெய்முக்கும் அதைத்தான் கேட்பார்கள்.