முதுகலைக்கு முதல் லேப்டாப்: காசை எங்கே போடுவது?

கேள்வி: இளங்கலை மூன்று வருடமும் மொபைலையும் கல்லூரி லேபையும் வைத்தே ஓட்டிவிட்டேன். இப்போது சென்னையில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்கிறேன், ஹாஸ்டல் வாசம். வீட்டில் 60 ஆயிரம் வரை தருவதாகச் சொல்கிறார்கள், அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை. கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டு வைத்த கேமிங் லேப்டாப் வாங்கினால்தான் நாலைந்து வருடம் தாங்கும் என்கிறார். அத்தை மகன் மேக்புக் தவிர வேறெதையும் தொடாதே என்கிறான். சீனியர் அக்கா, 30 ஆயிரத்துக்குப் பழைய லெனோவா திங்க்பேட் லேப்டாப் போதும்டி என்கிறார். பாடத்தில் ஸ்டாட்டா, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இரண்டும் உண்டு. யார் சொல்வதைக் கேட்பது? (விருதுநகர் வாசகி)

பதில்: மூன்று பேரில் உங்கள் படிப்பைத் தெரிந்து பேசுவது சீனியர் அக்காதான். அவர் சொல்வதையே வாங்கச் சொல்லவில்லை, ஆனால் அவர் யோசிக்கும் திசை சரி.

முதலில் கேமிங் லேப்டாப்பை ஓரமாக வைத்துவிடலாம். ஸ்டாட்டாவிலும் ஆரிலும் நீங்கள் போடப்போகும் ரிக்ரஷன் கணக்கு எல்லாம் பிராசஸரிலும் ராமிலும் நடக்கிற வேலை, கிராபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஆனால் அதற்கான விலையை நீங்கள் கொடுத்திருப்பீர்கள். அதோடு இரண்டு கிலோவுக்கு மேல் எடை, தனியாகக் கனக்கும் அடாப்டர், பிளக் பாயிண்ட் இல்லாத வகுப்பில் சீக்கிரம் தீர்ந்துபோகும் பேட்டரி. ஹாஸ்டலிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து நூலகம், லீவுக்கு விருதுநகர் பஸ் என்று தினமும் தோளில் சுமக்கப்போவது நீங்கள். 14 அங்குலம், ஒன்றரை கிலோவுக்குள் பாருங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது ராம். என்னைக் கேட்டால் உங்கள் 60 ஆயிரத்தில் இதுதான் முதல் கணக்கு. ஆர், ஸ்டாட்டா இரண்டுமே நீங்கள் திறக்கும் தரவு முழுவதையும் ராமுக்குள் ஏற்றி வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள், எம்.ஏ. பொருளாதாரத்தில் யாராவது ஒருவர் அதை வைத்து புராஜெக்ட் செய்யாமல் இருக்க மாட்டார்கள். அதில் பேட்டி எடுக்கப்பட்ட பெண்கள் மட்டும் 7,24,115 பேர், ஒவ்வொருவருக்கும் ஆயிரக்கணக்கான மாறிகள் (வயது, படிப்பு போன்ற விவரங்கள்). அந்தக் கோப்பை அப்படியே 8 ஜிபி மெஷினில் திறந்தால், விண்டோஸ் தனக்கு எடுத்துக்கொண்டது போக, பிரவுசரில் திறந்து வைத்த இருபது டேப் போக, மிச்சமிருக்கும் இடத்தில் அது திணறும். தேவையான மாறிகளை மட்டும் ஏற்றுவது நல்ல பழக்கம், அதை எப்படியும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனாலும் 16 ஜிபி இருந்தால்தான் நிம்மதி.

இங்கே கடையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது, பலர் கேட்பதில்லை: ராம் போர்டோடு சால்டர் செய்ததா, தனி ஸ்லாட் இருக்கிறதா? மெலிதான மாடல்கள் பலவற்றில் ராம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், பிறகு கூட்டவே முடியாது. அப்படிப்பட்ட மாடல் என்றால் வாங்கும்போதே 16 இருக்க வேண்டும், 8 வேண்டவே வேண்டாம். ஸ்லாட் காலியாக இருக்கிற மாடல் என்றால் 8-ல் தொடங்கிப் பிறகு கூட்டலாம் என்று முன்பெல்லாம் தயங்காமல் சொல்லியிருப்பேன். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை ஏறிக்கிடக்கிறது, தனியாக வாங்கினால் கையைக் கடிக்கும். முடிந்தால் 16 ஜிபியாகவே வாங்கிவிடுங்கள். ஸ்டோரேஜ் 512 ஜிபி எஸ்எஸ்டி போதும், 1 டிபிக்காக ராமைக் குறைக்காதீர்கள்.

திரையைப் பற்றிக் கடைக்காரர் பேசவே மாட்டார். முதுகலையில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் பிடிஎஃப்தான், ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம். 1920க்கு 1200 என்று போட்டிருந்தால் அது 16:10 திரை, வழக்கமான 1080 திரையைவிட உயரம் அதிகம், பக்கத்தில் சில வரிகள் கூடுதலாகத் தெரியும். ஐபிஎஸ் பேனலா (பக்கவாட்டில் பார்த்தாலும் மங்காத திரை வகை) என்று கேளுங்கள். வெளிச்சம் 300 நிட்ஸ் இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கலாம், மலிவு மாடல்களில் 250தான் வரும், உள்ளே சமாளிக்கலாம். கடையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பத்து நிமிடம் நின்று படித்துப் பாருங்கள், அப்படியே கீபோர்டில் ஒரு பாரா தட்டியும் பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் பரவாயில்லை, காசு உங்களுடையது.

பேட்டரிக்கு அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்பாமல், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-ஹவர் எண்ணைப் பாருங்கள். 40 சொச்சம் என்றால் சுமார், 55க்கு மேல் என்றால் நல்லது. டைப்-சி வழியாக சார்ஜ் ஆகுமா என்றும் கேளுங்கள், சார்ஜரை மறந்து வந்த நாளில் பக்கத்து ரூம் சார்ஜர் கைகொடுக்கும். செமினாருக்கு எச்டிஎம்ஐ போர்ட் வேண்டும். பழைய விஜிஏ புரொஜக்டர் இன்னும் நிறைய வகுப்பறைகளில் இருக்கிறது, அதற்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கிப் பையிலேயே போட்டு வையுங்கள்.

மேக்புக் நல்ல மெஷின்தான், அத்தை மகன் பொய் சொல்லவில்லை. அதன் ஏர் மாடலில் ஃபேன் சத்தம் கிடையாது, பேட்டரி நாள் முழுக்க நிற்கும், ஸ்டாட்டாவும் ஆரும் அதில் நன்றாகவே ஓடும். ஆனால் 16 ஜிபி உள்ள எம்4 ஏர் 2025-ல் இந்தியாவில் வந்தபோதே 99,900 ரூபாய். உங்கள் தொகைக்குத் தேடினால் 8 ஜிபி மாடல்தான் அகப்படும், அதுவும் கூட்ட முடியாத 8 ஜிபி. இதற்காக வீட்டில் இன்னொரு 40 ஆயிரம் கேட்கும் அளவுக்கு உங்கள் பாடத்திட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. கேட்காதீர்கள்.

பழைய திங்க்பேட் விஷயத்துக்கு வருவோம். அலுவலகங்கள் கழித்துவிடும் திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் மாடல்கள் உறுதியானவை, கீபோர்டு அருமையாக இருக்கும், சென்னை ரிச்சி தெருக் கடைகளில் வரிசையாகக் கிடைக்கும். ஒரு எல்லைக்கோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஐ ஏழாவது தலைமுறை மெஷின்களில் ஏறக்குறைய எதற்கும் மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிப்பதில்லை. ஆக ஆறு, ஏழாவது தலைமுறைகளில் வந்த திங்க்பேட் டி470 வேண்டாம், எட்டாவது தலைமுறை டி480 சரி. டி480-ல் ராம் ஸ்லாட் இரண்டு உண்டு என்பது கூடுதல் லாபம். வாங்கும் முன் அவர்கள் முன்னாலேயே விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். பயாஸ் (மெஷினைக் கிளப்பும் அடிப்படை அமைப்பு) பாஸ்வேர்ட் இல்லையா, பழைய கம்பெனியின் கணக்கு எதுவும் கேட்கிறதா என்று ஒருமுறை ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை.

உங்கள் நிலையில் நான் இருந்தால் 50 முதல் 54 ஆயிரத்துக்குள் புதிய 14 அங்குல 16 ஜிபி மெஷினைத் தேடுவேன். மிச்சத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், கூடவே ஒரு வருட வாரண்டி நீட்டிப்பு. அந்தத் தொகைக்குள் 16 ஜிபி புதிதாக அகப்படவில்லை என்றால், 8 ஜிபி புதியதை வாங்காமல் சீனியர் அக்கா சொன்ன வழிக்கே போவேன். ஹார்ட் டிஸ்க்கைத் தள்ளிப்போடாதீர்கள். ஆய்வேட்டுக் கோப்பு ஒரே இடத்தில் இருந்தால் அது உங்களிடம் இல்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் இரண்டு லேப்டாப் காட்டுகிறார்கள், பிராசஸர் ரைசன் 5 7520யு ஒன்று, ரைசன் 5 7530யு ஒன்று. பத்து எண் வித்தியாசத்துக்கு ஏழாயிரம் கூடக் கேட்கிறார்கள். பெயருக்காகவா? (திருச்சி)

பதில்: கொடுங்கள், இரண்டும் வேறு வேறு சரக்கு. ஏஎம்டியின் இந்த 7000 வரிசையில் முதல் எண் வருடத்தைத்தான் காட்டும், உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது எண். 7520-ல் அது 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். 7530-ல் 3, ஜென் 3, ஆறு கோர். 7520யு-வில் ராமும் போர்டோடு ஒட்டித்தான் வரும், 8 ஜிபி மாடல் வாங்கினால் கடைசிவரை 8தான். 'புது 7000 சீரிஸ் சார்' என்று சொல்லி விற்பதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, முதல் முறை வாங்குகிறவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. இன்டெல்லிலும் வெறும் ஐ5 என்று கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், முழு எண்ணையும் எழுதி வாங்குங்கள். கடைசியில் யு இருந்தால் பேட்டரிக்கு நல்லது, எச் இருந்தால் வேகம் அதிகம், சூடும் அதிகம்.

கேள்வி: மகன் கோவையில் எம்.டெக். செயற்கை நுண்ணறிவு சேர்கிறான். அவனுக்காவது கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா? கையில் ரொக்கம் குறைவு, வட்டியில்லா தவணை என்கிறார்களே, அதில் எடுக்கலாமா? (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: அவர் படிப்புக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்குவதில் அர்த்தம் உண்டு, ஆனால் அவசரம் இல்லை. எடுத்தால் என்விடியாதான், காரணம் குடா (CUDA), அதாவது அந்தக் கார்டில் கணக்குப் போட என்விடியா தரும் மென்பொருள் அடித்தளம். பாடத்தில் வரும் மென்பொருள் பெரும்பாலும் அதை நம்பியே எழுதப்பட்டிருக்கும். கார்டுக்கென்று உள்ள மெமரி 4 ஜிபி என்றால் பெரிதாக ஒன்றும் நடக்காது, 8 ஜிபிக்கு விலை எகிறும். கூகுள் கோலாப், காகிள் என்ற இணையதளங்கள் இரண்டிலும் இலவசமாகவே ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) கிடைக்கிறது, துறையில் சர்வரும் இருக்கலாம். அதனால் சேர்ந்து ஒரு மாதம் போகட்டும், சீனியர்கள் எதில் வேலை செய்கிறார்கள் என்று மகன் விசாரிக்கட்டும். அதுவரை வாங்காமல் இருப்பதில் நஷ்டம் இல்லை.

தவணை பற்றி. வங்கிகள் பூஜ்ய வட்டி என்று கடன் தருவதை ரிசர்வ் வங்கி 2013-லேயே தடுத்துவிட்டது. இப்போது நடப்பது என்னவென்றால், வங்கி வட்டி போடும், அதே அளவு தொகையைக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடியாகக் கழிக்கும். கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் இரண்டும் உங்கள் தலையில். தொகை பெரிதாக இருக்காது, எடுக்கலாம். ஆனால் முழுப் பணமும் ஒரேயடியாகக் கட்டினால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள், சில இடங்களில் தவணை எடுத்தால் வேறு தள்ளுபடி போய்விடும். மகனுக்குக் கல்விக் கடன் போடுவதாக இருந்தால் கடையில் தவணை பேசும் முன் வங்கி மேலாளரிடம் போங்கள். படிப்புக்குத் தேவையான கணினியின் நியாயமான விலையையும் அந்தக் கடனில் சேர்க்க விதிமுறையில் இடம் உண்டு. கூசாமல் கேளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லேப்டாப் நாலாம் நாளே திரையில் கோடு விழுகிறது. விற்றவர் கம்பெனியைக் கேள் என்கிறார், கம்பெனி விற்றவரைக் கேள் என்கிறது. (மதுரை)

பதில்: இருவருக்கும் இன்றே எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. கோடு தெரிகிற வீடியோ, பில், பில்லில் உள்ள சீரியல் எண், மெஷின் அடியில் உள்ள சீரியல் எண், நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். திரும்பப் பெறும் கெடு முடிவதற்குள் புகார் பதிவானதற்கான எண் கையில் இருக்க வேண்டும். கம்பெனி டெக்னீஷியன் வந்து பார்த்தால், குறை தயாரிப்பிலேயே உள்ளது என்று எழுதி வாங்காமல் அனுப்பாதீர்கள், விற்றவர் பெரும்பாலும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார். ரிப்பேர் செய்து தருகிறோம் என்றால், மாற்றுத்தான் வேண்டும் என்று நில்லுங்கள்.

நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது மதுரையிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அட்டைப்பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திருப்பி எடுக்க வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.