சுகர் இருக்குற அப்பா வெறுங்கால்ல கடலுக்குப் போறாரு, கால்ல புண் வராம பாத்துக்க ஊர் பி.எச்.சி.லயே என்ன பண்ண முடியும்?

நீங்க கேட்டதை சுருக்கமா சொல்லிடுறேன், மத்தவங்களுக்கும் புரியும். ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம் பக்கம், அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், விசைப்படகுல போறவரு, ராத்திரியானா பாதம் எரியுதுன்னு பொலம்பிக்கிட்டு இருந்தவரு இப்ப "எரிச்சல் போயிருச்சு, சரியாயிருச்சு"ங்குறாரு, பெரியாஸ்பத்திரிக்கு அலையாம பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே, அதான் பி.எச்.சி.லயே, கால் பாக்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க.

முடியும். ஆனா எனக்கு பயமே அந்த "சரியாயிருச்சு"லதான் இருக்கு. நான் இதே கடற்கரையில ஒரு பி.எச்.சி.ல சுகர் பிரஷர் பாக்குற கவுண்டர்ல நர்ஸா இருக்கேன். எரியுது குத்துதுன்னு வர்றவங்களுக்கு நரம்பு கெட்டுக்கிட்டு வந்தாலும் இன்னும் கொஞ்சம் வேலை செய்யுது. சுகர் குறையவே இல்ல, எரிச்சல் மட்டும் தானா அடங்கிருச்சுன்னா நரம்பு மரத்துப் போயிட்டதாகூட இருக்கலாம். அப்புறம் சிப்பி கிழிச்சாலும் தெரியாது, கருவேல முள்ளு செருப்பைத் தாண்டி ஏறி உள்ளயே ஒடிஞ்சு நின்னாலும் தெரியாது, சாக்ஸ் மாதிரி ரத்தம் காஞ்சு ஒட்டிக்கிட்டு கிடந்தப்புறம் வீட்டுல வேற யாராச்சும் பாத்துத்தான் சொல்லணும்.

எங்க ஊர் ஆஸ்பத்திரிகள்ல ஒரு வேடிக்கை கவனிச்சிருக்கீங்களா, எல்லாரும் செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வெறுங்காலோடதான் உள்ள வர்றாங்க, கால் கண்ணு முன்னாடியே இருக்கு, ஆனா பாக்குறது விரல் நுனியை மட்டும்தான். குத்து, ரீடிங் எழுது, மாத்திரையை குடு, அடுத்த ஆள். 2021ல மக்களைத் தேடி மருத்துவம்ங்குற அரசுத் திட்டம் வந்தப்புறம் மாத்திரை வீட்டுக்கே வருது, ரொம்ப நல்ல விஷயம், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அப்பா மாதிரி ஆளுங்க கவுண்டர் பக்கமே வர்றது குறைஞ்சிருச்சு. அதனால நீங்களே கூட்டிட்டுப் போய் "சிஸ்டர், கால் ஒரு தடவை பாத்துருங்க"ன்னு வாய்விட்டு கேளுங்க. கேட்டா பாப்போம், நிஜமா அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.

என்ன பாக்கணும்னா, விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, காய்ப்பு, நகம் இதெல்லாம் கண்ணால. அப்புறம் மோனோஃபிலமெண்டுன்னு ஒரு நைலான் நரம்பு, உங்கப்பா பாத்தா தூண்டில் போடுற தங்கூஸ்னுதான் சொல்லுவாரு, ஆனா இது சரியா 10 கிராம் அழுத்தத்துல வளையுற மாதிரி செஞ்சது, வீட்டுல கிடக்குற தங்கூஸை எடுத்து குத்திப் பாத்துறாதீங்க. கண்ணை மூடச் சொல்லி பாதத்துல சில இடத்துல வச்சு வளையுற அளவுக்கு அழுத்துவோம், தெரியுதான்னு கேப்போம். அடுத்தது பாதத்து மேலயும் கணுக்கால் உள்பக்கமும் நாடித் துடிப்பு, ரத்த ஓட்டம் இருக்கான்னு பாக்க. பீடி குடிக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், உணர்ச்சியும் இல்லாம ரத்தமும் போகாம இருந்தா சின்ன புண்ணுகூட ஆறாது.

வீட்டுலயே பண்ற மாதிரி ஒண்ணு இருக்கு, இங்கிலாந்துல இப்ஸ்விச்னு ஒரு ஊர்ல உருவாக்குனது. அப்பாவை கண்ணை மூடிக்கச் சொல்லுங்க, ரெண்டு கால்லயும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியில உங்க ஆள்காட்டி விரலால லேசா ஒண்ணு ரெண்டு செகண்ட் தொடுங்க, அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. மொத்தம் ஆறு இடம், அதுல ரெண்டு அல்லது அதுக்கு மேல தெரியலைன்னா உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு எடுத்துக்கிட்டு உடனே காட்டுங்க. மெட்ஃபார்மின்ங்குற சுகர் மாத்திரையை ரொம்ப வருஷமா போடுறாருன்னா பி12 வைட்டமின் குறைஞ்சும் மரத்துப்போகும், அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க.

எல்லாம் நல்லா இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை பாத்தா போதும். மரத்துப் போயிருந்தா ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது, அதோட ரத்த ஓட்டம் குறைவாவோ பாதம் வளைஞ்சோ இருந்தா மூணு மாசத்துலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள ஒரு தடவை, ஏற்கனவே புண் வந்து ஆறுனவங்கன்னா ஒண்ணுலேர்ந்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை. விசைப்படகுக்காரங்களுக்கு நான் சொல்றது, மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கரையிலதானே இருக்கீங்க, வருஷாந்திர செக்கப்பை அதுல வச்சுக்கங்க, மறக்காது.

இப்ப வெறுங்கால் விஷயம். "வெறுங்கால்ல நடக்காதீங்க"ன்னு நோட்டீஸ்ல போடுறது சுலபம், படகுக்காரருகிட்ட, கரைவலை இழுக்குறவருகிட்ட, கடல்பாசி எடுக்குற அக்காமாருகிட்ட சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க. நான் சொல்றது வேற. கடல்ல ஒத்துவருதுன்னா பின்னாடி வார் வச்ச ரப்பர் செருப்பு, மரத்த காலுக்கு விரல்ல மாட்டுற செருப்பு வேணாம், கழண்டு விழுந்தாலும் தெரியாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவி விரல் இடுக்கை துணியால ஒத்தி எடுக்கணும், தேங்காய் எண்ணெய் பாதத்துக்கு தடவலாம், இடுக்குல வேணாம். சித்திரை வைகாசியில மத்தியான மணல்ல நடந்து கொப்புளம் போட்டு வர்றவங்க இருக்காங்க, சுட்டதே தெரியலைன்னுவாங்க. ராமேஸ்வரம் கோயில்ல 22 தீர்த்தமும் ஆடிட்டு ஈரக்காலோட சுத்துறவங்களும் அந்த இடுக்கை கவனிக்கணும்.

நடக்குறதுக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்துன்னு இருக்குற ரப்பர் அடி வச்ச செருப்பு, கேளுங்க. அது தொழுநோய்க்காரங்களுக்காக வந்தது, 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் டாக்டர்தான் அந்தக் கால் புண்ணு நோயால தானா அழுகல, வலி தெரியாம நடந்து நடந்து வருதுன்னு எடுத்துச் சொன்னவரு. சுகர்க்காரங்களுக்கும் கதை அதேதான்.

காய்ப்பை பிளேடால சீவாதீங்க, கால் ஆணிக்கு மெடிக்கல்ல விக்கிற பிளாஸ்திரியும் வேணாம், அதுல இருக்குற ஆசிட் நல்ல தோலையும் அரிச்சிரும். சுடுதண்ணியில உப்பு போட்டு கால் வைக்கிற பழக்கத்தையும் விட்டுருங்க, மரத்த காலுக்கு சூடு தெரியாம வெந்தே போகும்.

புண்ணு வந்துருச்சுன்னா மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காம சுத்தமான தண்ணியில கழுவி துணி கட்டி அன்னைக்கே காட்டுங்க, அந்தக் கால் மேல பாரம் போடவே கூடாது, ஆறுற வரைக்கும் கடல் தண்ணியும் ஆகாது, அதுல இருக்குற சில கிருமி சுகர்க்காரங்களுக்கு உயிருக்கே ஆபத்தா முடியும். புண்ணே இல்லாம ஒரு பாதம் மட்டும் வீங்கி சூடா செவந்திருந்தா சுளுக்குன்னு எண்ணெய் போட்டு நீவாதீங்க, உள்ள எலும்பு நொறுங்கிக்கிட்டு இருக்கலாம், அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. விரல் கறுத்தா, நாத்தம் வந்தா, காய்ச்சலோட செவப்பு மேல ஏறுனா பி.எச்.சி.ல கட்டுப்போட்டு காத்திருக்காம 108ஐ கூப்பிட்டு நேரா ராம்நாடு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி.