மருத்துவர் பதில்: அப்பாவின் அறிக்கையில் 13க்யூ இழப்பு

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 67 வயது. வருடாந்திரப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 42,000 என்று வந்தது. பரேலில் காட்டினோம், 'சிஎல்எல்' என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஃபிஷ் என்ற குரோமோசோம் பரிசோதனையில் '13க்யூ டெலீஷன்', அதாவது 13ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை என்று வந்தது. ஆனால் மருந்து எதுவும் தராமல் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். 13க்யூவில் இருக்கும் மைக்ரோஆர்என்ஏ போய்விட்டால் புற்றணு சாகாது என்று படித்தேன். அதையே மருந்தாகக் கொடுக்க முடியாதா?

பதில்: நீங்கள் படித்தது சரிதான், பயந்ததுதான் அதிகம். சிஎல்எல் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த இழப்பு உண்டு. வேறு மாற்றம் இல்லாமல் இது மட்டும் இருந்தால், பெரும்பாலும் நோய் மெதுவாகத்தான் போகும். அறிக்கையில் '17பி' என்ற வரியைப் பாருங்கள்; 17ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இழந்திருக்கிறதா என்று சொல்லும் வரி அது, இழந்திருந்தால் நோய் கடுமையாக இருக்கும். அது நெகடிவ் என்றால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும்.

மைக்ரோஆர்என்ஏ என்பது மரபுக் குறியீட்டில் சுமார் 22 எழுத்து நீளமுள்ள சின்ன ஆர்என்ஏ துண்டு. புரதம் செய்வதற்கான குறிப்பை மரபணுவிலிருந்து எடுத்துச் செல்லும் தூது ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு, புரத உற்பத்தியைக் குறைப்பதுதான் அதன் வேலை. 13க்யூவில் மிர்-15ஏ, மிர்-16-1 என்று இரண்டு இருப்பதையும், சிஎல்எல்லில் அவை தொலைந்துபோவதையும் 2002ல் கார்லோ குரோச்சே என்ற புற்றுநோய் ஆராய்ச்சியாளரின் குழு காட்டியது. அவை இரண்டும் அடக்கி வைப்பது பிசிஎல்-2 என்ற புரதத்தை என்பது 2005ல் தெரிந்தது. சாக வேண்டிய செல்லில், அதற்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு ஓட்டையாகி, சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே கசியும். உடனே கேஸ்பேஸ் நொதிகள் விழித்து, செல்லை உள்ளிருந்தே துண்டு போடும். பிசிஎல்-2 அந்த ஓட்டையே விழாமல் பார்த்துக்கொள்கிறது. அடக்க ஆளில்லாமல் அது பெருகும்போது, முடிந்துபோயிருக்க வேண்டிய அணுக்கள் முடியாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. (13க்யூ இழப்பு இல்லாதவர்களிடமும் பிசிஎல்-2 அதிகமாக இருப்பதுண்டு; பழி முழுவதையும் இதன் மேல் போட முடியாது.)

சரி, மருந்து? மிர்-34ஏ என்ற இன்னொரு மைக்ரோஆர்என்ஏவைச் செயற்கையாகச் செய்து புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயெதிர்ப்பு மண்டலத்தின் கடும் பக்கவிளைவுகளால் 2016ல் ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை வேறு வழியில் போகிறது: தொலைந்ததைத் திருப்பி வைக்காமல் நேரே பிசிஎல்-2வை முடக்குகிறது. 20 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து வாரத்தில் 400க்கு ஏற்றுவோம். ஏனென்றால், புற்றணுக்கள் ஒரேயடியாகச் செத்தால் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் எகிறி சிறுநீரகம் தாங்காது.

அப்பாவுக்கு இப்போது அது தேவையில்லை. அறிகுறி இல்லாதபோது முன்கூட்டியே தொடங்கினால் ஆயுள் கூடும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இறங்கினாலோ, தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினாலோ, இரவில் சட்டை நனையும்படி வியர்த்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். இந்த இழப்பு அவருடைய புற்றணுக்களில் பிற்பாடு வந்தது, பிறவியில் வந்ததில்லை. அதனால் நீங்கள் ஃபிஷ் எடுக்க வேண்டாம்.

ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.