மனநோய் மாத்திரை எடுப்பவர்களுக்கு வாய் தானாக அசைவது ஏன்?

ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுப்பவர்களில் சிலருக்கு வாய் தானாக மெல்லும், உதடு சப்புக்கொட்டும், நாக்கு வெளியே எட்டிப் பார்க்கும். தூங்கினால் நின்றுவிடும். இதுதான் டார்டிவ் டிஸ்கைனீசியா.

மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் வந்து சேரும் வாசல்களை இந்த மருந்துகள் அடைக்கின்றன. நெடுநாள் அடைபட்ட வாசல்கள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகின்றன என்பதே பரவலான விளக்கம். இருட்டறையில் பழகிய கண்ணுக்குத் தீக்குச்சி வெளிச்சமும் கூசுமே, அதுபோல. அதனால்தான் மருந்தைத் திடீரென நிறுத்தினால் அசைவு கூடுகிறது! கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் இதற்கு உதவாது, சிலருக்கு மோசமாக்கும். டெட்ராபெனசின் வகை மருந்துகள் குறைக்கலாம், அதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நோய் முற்றிவிட்டது என்றோ, வெற்றிலை மென்ற பழக்கம் என்றோ வீட்டார் நினைப்பதுண்டு. இரண்டும் இல்லை, மருந்தின் பக்கவிளைவு.