கடலோரப் புழுக்கத்துக்கு எதை வாங்குவது? வாசகர் கேள்வி-பதில்

கத்திரி தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் மார்ச் பாதியிலிருந்தே கடலோர ஊர்களிலிருந்து வரும் கேள்விகள் எல்லாம் வெயிலைச் சுற்றித்தான். உள்மாவட்டத்து வறண்ட வெயிலுக்கென்று செய்த பொருளையும் பேசிய பேச்சையும் அப்படியே கொண்டுவந்து கடற்கரை ஊர்களில் விற்கிறார்கள். வருகிற வருத்தங்களில் பலவற்றுக்கு அதுதான் காரணம்.

கேள்வி: ஏசி வாங்க வசதியில்லை என்று 9,500 ரூபாய்க்கு ஏர்கூலர் வாங்கினோம். "ரூம் 10 டிகிரி குறையும்" என்று கடையில் சொன்னார்கள். ராத்திரி கதவைச் சாத்திவிட்டுப் போட்டால் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது, தலையணை ஈரமாகிறது. ரிப்பேரா? திருப்பிக் கொடுக்க முடியுமா? (நாகப்பட்டினம் வாசகி)

மெஷினில் ரிப்பேர் எதுவும் இருக்காது. உங்கள் ஊர்க் காற்றுக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

ஏர்கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். வேலூரில் மே மாத மத்தியானம் 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கூலர் அங்கே 26, 27 டிகிரியில் காற்றைத் தரும். கடையில் சொன்ன 10 டிகிரி அங்கே பொய்யில்லை. நாகையில் 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கூலரும் 28-க்குக் கீழே இறக்காது. 29, 30-க்கு வந்தாலே பெரிது. அதையும் அறைக்குள் ஈரத்தை ஏற்றித்தான் செய்யும். ராத்திரியில் வெளிக்காற்றின் ஈரம் இன்னும் கூடும். அந்த நேரத்தில் கதவையும் சாத்திவிட்டால் வியர்வை காய வழியே இல்லை. உடம்பு சூட்டை இறக்குவது வியர்வை காய்வதால்தான்.

வாங்கியதை வீணாக்க வேண்டாம். கூலரை ஜன்னலோரம் வைத்து, அதன் முதுகு வெளிக்காற்றை இழுக்கும்படி திருப்புங்கள். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலோ கதவோ திறந்திருக்கட்டும். ராத்திரி கூலரின் தண்ணீர் பம்பை நிறுத்திவிட்டு வெறும் ஃபேனாக ஓட்டுங்கள். மே மாதத்தில் மேற்கிலிருந்து தரைக்காற்று அடித்து, கடற்காற்று உள்ளே வராத நாட்கள் வரும். அந்த முற்பகல்களில் காற்று வறண்டு கிடக்கும். அப்போது பம்பைப் போட்டால் உங்கள் கூலரும் நன்றாகவே குளிரும்.

திருப்பிக் கொடுப்பது பற்றி: கடைக்காரர் வாயால் சொன்னதை மட்டும் வைத்து வாதாடுவது கஷ்டம். பெட்டியிலோ விளம்பரத்திலோ கடையின் வாட்ஸ்அப் செய்தியிலோ "10 டிகிரி குறையும்" என்று நிபந்தனை எதுவும் இல்லாமல் போட்டிருந்தால் கதை வேறு. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். படம் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வாங்கிய ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கெடு 2 வருடம்.

இனி வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: கடலோரத்தில் 10,000 ரூபாய்க்குள் செலவு செய்ய முடியும் என்றால் கூலர் வேண்டாம். பி.எல்.டி.சி. என்கிற, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த நல்ல சீலிங் ஃபேன் இரண்டு வாங்குங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட் பக்கம்தான் இழுக்கும். மிச்சப் பணத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பே போதும், ஒவ்வொரு வருடமும் அடிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: செல்போனில் 35 டிகிரி, ஆனால் 45 போல உணரப்படும் என்று காட்டுகிறது. எதை நம்புவது? வெப்ப அலை என்று ஏன் அறிவிக்கவில்லை? (சென்னை, திருவொற்றியூர்)

இரண்டுமே சரி. 35 என்பது காற்றின் வெப்பம். ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும்போது உடம்பு படுகிற பாட்டைக் கணக்கிட்டால் 45-க்குப் பக்கத்தில் வரும். வேலைக்குப் போகிறவர்களும் வயதானவர்களும் இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து நடந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

வெப்ப அலை அறிவிப்பு காற்றின் வெப்பத்தை வைத்து வருவது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி இருக்க வேண்டும். அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் சென்னையில் கடற்காற்று முற்பகலிலேயே வந்துவிடுவதால் பல நாட்கள் அந்த அளவை எட்டுவதில்லை. காற்றின் வெப்பத்தை அடக்குகிற அதே கடற்காற்றுதான் ஈரத்தையும் கொண்டுவருகிறது. இந்த நாட்களுக்குத்தான் ஆய்வு மையத்தின் அறிக்கையில் "அதிக வெப்பமும் அதிக ஈரப்பதமும் சேரும்போது அசௌகரியம் ஏற்படலாம்" என்கிற வரி வரும். அந்த வரியைச் சாதாரணமாகக் கடந்து போய்விடாதீர்கள்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. பழைய ஏசியின் அவுட்டோர் யூனிட் மூன்று வருடத்தில் அரித்து, கேஸ் போய்விட்டது. வாரண்டியில் வராது என்றார்கள். புதிதாக வாங்க வேண்டும். அறை 10-க்கு 11 அடிதான், கடையில் 1.5 டன் எடுக்கச் சொல்கிறார்கள். (தூத்துக்குடி வாசகர்)

முதலில் டன், அதாவது ஏசியின் குளிர வைக்கும் திறன். 110 சதுர அடிக்கு 1 டன் போதும். மேலே நேராக வெயில் அடிக்கும் மொட்டை மாடி, மேற்குப் பார்த்த சுவர் என்று இருந்தால் மட்டும் யோசிக்கலாம். "பெரிசா எடுத்தா சீக்கிரம் குளிரும்" என்பார்கள். உண்மைதான், சீக்கிரம் குளிர்ந்து சீக்கிரம் நின்றுவிடும். கடலோரத்தில் ஏசி செய்ய வேண்டிய முக்கியமான வேலை காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியே சொட்ட விடுவது. அதற்கு அது தொடர்ந்து ஓட வேண்டும். இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும் என்பதால் இங்கே அதுதான் ஏற்றது. 26 அல்லது 27-இல் வைத்து ஃபேனையும் போடுங்கள்.

அரிப்புக்கு வருவோம். உப்புக் காற்றின் ஈரம், செம்புக் குழாய், அதன்மேல் அலுமினியத் தகடு: இந்த மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாக உதிரும். "காப்பர் காயில்" என்று கேட்டு வாங்குவது நல்லதுதான், ஓட்டை விழுந்தால் பற்றவைப்பது சுலபம். ஆனால் கடலோரத்துக்கு அது மட்டும் போதாது. தகடுக்கும் குழாய்க்கும் சேர்த்து அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். அவுட்டோரைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவிவிடுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். தாங்கும் ஆங்கிளைத் துத்தநாகம் பூசியதாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ கேட்டு வாங்குங்கள். துருப்பிடித்த ஆங்கிளில் தொங்கும் அவுட்டோருக்குக் கீழே குழந்தைகள் நடமாடுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

"10 வருட வாரண்டி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். காயிலுக்கும் கேஸுக்கும் எத்தனை வருடம், கடற்காற்று அரிப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்பதை வாரண்டி அட்டையில் பணம் கட்டுவதற்கு முன்பே படியுங்கள். வாயால் "எல்லாம் வரும் சார்" என்றால், அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஸ்டார் லேபிளில் உள்ள யூனிட் கணக்கு வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் என்று போட்டது. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை ராத்திரி எட்டு மணி நேரம் போடுகிற வீட்டில் அது தாண்டிவிடும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மின் கட்டணச் சலுகையும் குறையும் என்பதால், உங்களைப் போன்றவர்களுக்கு 5 ஸ்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை திரும்பி வந்துவிடும். ஏசிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் அதையும் பாருங்கள்.

கேள்வி: 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்" என்று 25 வாங்குகிறார்கள். சரியா? (கடலூர், சில்வர் பீச்)

சரியில்லை. கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. குளிர வைத்துத் தருவதற்குத் தனி விலை கிடையாது. உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டல்களுக்கு மட்டும் 2017-இல் உச்ச நீதிமன்றம் விலக்குத் தந்திருக்கிறது. பில் கேளுங்கள். தராவிட்டால் ஜி.பே.யில் பணம் அனுப்பிய பதிவும் பாட்டிலின் படமும் இருந்தாலே புகார் தரலாம். தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிகள் இதைப் பார்ப்பார்கள், 1915-க்கும் சொல்லலாம்.

கேள்வி: உப்பளத்தில் வேலை. வெயிலில் மயக்கம் வராமல் இருக்க ஓ.ஆர்.எஸ். என்று போட்ட பெட்டி ஜூஸ் வாங்கிக் குடிக்கிறோம். தினமும் ஆளுக்கு இரண்டு ஆகிறது. நல்லதுதானா? (வேதாரண்யம்)

கூலிக் காசை இதில் போடாதீர்கள். உண்மையான ஓ.ஆர்.எஸ். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்த பொடி. 20.5 கிராம் பொட்டலம், 1 லிட்டர் தண்ணீருக்கு. அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், மீதி பொட்டாசியமும் சிட்ரேட்டும். சாதாரணப் பழச்சாறு பானத்தில் 100 மில்லிக்கே 10 கிராமுக்குப் பக்கமாகச் சர்க்கரை இருக்கும், உப்பு போதிய அளவு இருக்காது. இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே வரக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. அந்தப் பெயரோடு இன்னும் கடையில் இருந்தால் வாங்காதீர்கள், உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

சரியான பொடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தினப்படி வியர்வைக்கு அதுகூடத் தேவையில்லை. உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், கேப்பைக் கூழ் போதும். தாகம் எடுக்கக் காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். பாத்தியின் வெண்மையும் வெயிலைத் திருப்பி அடிப்பதால், கூரை போட்ட நிழலும் தண்ணீரும் தரச் சொல்லி முதலாளியிடம் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். அது நீங்கள் கேட்கும் சலுகை இல்லை. யாராவது பேச்சுக் குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஓ.ஆர்.எஸ். பொடியை மருத்துவரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். கலக்கிய கரைசல் எதுவானாலும் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்க வேண்டாம்.