கைபேசியிலேயே எல்லாம் படிக்க முடியும்போது அச்சுப் புத்தகத்தை ஏன் இன்னும் வாங்குகிறார்கள்?

தேடுவதற்கும் அகராதி பார்ப்பதற்கும் கைபேசிதான் வசதி. அதில் சண்டை இல்லை. ஆனால் மின்னூலுக்குக் காசு கொடுத்தால் பெரும்பாலும் கிடைப்பது படிக்கும் உரிமம் மட்டுமே. 2009-இல் அமேசான், பதிப்புரிமைச் சிக்கலால், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அழித்துவிட்டது (பணத்தைத் திருப்பிக் கொடுத்தது வேறு விஷயம்). என் அலமாரியில் கைவைக்க வேண்டுமானால் வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தாள். கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப் பருத்துக் கிடந்தன. தாள்களுக்கு இடையே பழைய செய்தித்தாளைச் செருகி, மின்சாரம் வந்ததும் மின்விசிறிக்கு அடியில் நாலு நாள் விரித்துப் போட்டோம். அட்டை நெளிந்துவிட்டது, ஓரத்தில் வண்டல் கோடு நிற்கிறது. எழுத்து மட்டும் கரையவில்லை. அச்சு மை எண்ணெய் கலந்தது, தண்ணீருக்கு எளிதில் அசையாது. முதல் பக்கத்தில் அப்பா பேனாவால் எழுதியிருந்த பெயர்தான் நீலத் திட்டாகப் பரவிவிட்டது.

நம் முத்துக்குளித்துறையில் (தூத்துக்குடிக் கடற்கரையில்) ஊழியம் செய்த போர்த்துகீசியப் பாதிரியார் அன்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறித்தவ சமய நூல் 1578-இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். அதன் பிரதி இன்றும் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நானோ 2003-இல் குறுந்தகட்டில் சேமித்த கட்டுரைகளைத் திறக்க, கருவி தேடி ஊரெல்லாம் அலைகிறேன்.